டிரெய்லருக்கு எந்த இன்வெர்ட்டர்: சைன் வேவா, மாடிஃபைடு சைன் வேவா?

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான டிராவல் டிரெய்லரில் 12 வோல்ட் பேட்டரி இருக்கும். மைக்ரோவேவ் அடுப்புக்கோ 120 வோல்ட் மாறுமின்சாரம் வேண்டும். இடையில் வைக்கும் இன்வெர்ட்டரில் மலிவானது மாடிஃபைடு சைன் வேவ். மாறுமின்சாரத்தின் அலையைப் படிக்கட்டு போல வெட்டி வெட்டித் தருகிறது. காபி மேக்கரும் சாதாரண பல்பும் அதைக் கண்டுகொள்வதில்லை. மைக்ரோவேவ் அப்படியல்ல: உறுமும், சாப்பாட்டைச் சுடவைக்க அதிக நேரம் எடுக்கும். மோட்டார் உள்ள சாதனங்கள் வீணாகச் சூடேறும். மின்போர்வையின் கன்ட்ரோலர் பழுதாகிவிடவும் கூடும்.

சைன் வேவ் இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரம் போலவே வழவழப்பான அலையைத் தரும். அதில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல். மைக்ரோவேவ் ஓட்டுவதாக இருந்தால் யோசிக்காமல் இதையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. 2000 வாட் எடுக்கும்போது 12 வோல்ட் பக்கத்தில் 170 ஆம்பியர் வரை ஓடும், சில சமயம் அதற்கு மேலும். விரல் தடிமனில் செம்புக் கேபிள், அதுவும் கூடிய மட்டும் குட்டையாக. பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். லெட் ஆசிட் பேட்டரி இருக்கும் அதே பெட்டிக்குள் மட்டும் இன்வெர்ட்டரைத் திணிக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது வெடிக்க ஒரு தீப்பொறி போதும்.