வெயிலுக்கு மூடும் முகப்பு: மோட்டாரா, காற்றா, மரமா?

வெயிலுக்குத் தகுந்தபடி தானே விரிந்து சுருங்கும் முகப்பு என்றதும் எல்லாரும் அபுதாபியின் அல் பஹர் கோபுரங்களைத்தான் காட்டுவார்கள். 2012-இல் முடிந்த அந்த இரண்டு கோபுரங்களில் ஒவ்வொன்றின் மேலும் ஆயிரத்துக்கும் அதிகமான மடிப்புக் குடைகள், சூரியன் நகர நகர மோட்டார் அவற்றை விரித்து மடக்கும். அழகு, வெயிலும் நன்றாகவே குறைகிறது. ஆனால் இத்தனை மோட்டாரும் கீலும் பாலைவனப் புழுதியில் நிற்கின்றனவே என்பதுதான் என் கவலை. 1987-இல் பாரிஸின் அரபு உலக நிறுவனத்துக்குக் கட்டடக் கலைஞர் ழான் நுவெல் வைத்த 240 பலகைகளில், கேமராவின் கண் போலத் திறந்து மூடிய துளைகள் பல, நாளடைவில் அசையாமல் நின்றுவிட்டன. அதனால் எந்த முகப்பைப் பார்த்தாலும் கீல் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கீலே வேண்டாம் என்று செய்து காட்டியது தென்கொரியாவின் யோசு கண்காட்சி அரங்கு, அதுவும் 2012-தான். 108 கண்ணாடியிழைப் பட்டைகள், உயரமானது 13 மீட்டர். மேலிருந்தும் கீழிருந்தும் கொஞ்சம் அழுத்தினால் போதும், பட்டை வளைந்து மீன் செவுள் மாதிரி திறந்துகொள்ளும். மோட்டார் இங்கேயும் உண்டு, ஆனால் அசைவு முழுக்கப் பட்டையின் வளைவிலேயே நடக்கிறது.

மென் ரோபோ வழி, அதாவது விறைப்பான பாகங்களுக்குப் பதில் மெத்தென்ற பொருளைக் காற்றால் அசைக்கும் வழி, இன்னும் வேறு. சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்தினர் சூரியத் தகடுகளை சிலிக்கோன் அறைகளின் மேல் பொருத்தினார்கள்; ஓர் அறையில் காற்றடித்தால் தகடு ஒரு பக்கம் சாயும், இன்னொன்றில் அடித்தால் வேறு பக்கம். இப்படி நிழலும் தருகிறது, சூரியன் போகும் பக்கம் திரும்பி மின்சாரமும் எடுக்கிறது. என்ன, பம்பும் குழாயும் கூடவே வரும், கசிவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது மரம்தான். காய்ந்த பைன் காய் ஒன்றைத் தண்ணீரில் போட்டுவையுங்கள், விரிந்திருந்த செதில்கள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். எடுத்துக் காயவைத்தால் மறுபடி விரியும். அது உயிரில்லாத திசு, ஒரு அடுக்கு ஈரத்தில் அதிகம் உப்புகிறது, அடுத்த அடுக்கு அவ்வளவு உப்புவதில்லை, அந்த வித்தியாசமே வளைவாகிறது. இதைத்தான் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கட்டடக் கலைஞர் ஆக்கிம் மெங்கஸின் குழு மெல்லிய மரத்தகடுகளில் கொண்டுவந்தது. அப்புறம் அதே நாட்டின் ஃப்ரைபுர்க்கில், மரத்தில் இருக்கும் நார்ப்பொருளான செல்லுலோஸில் முப்பரிமாணமாக அச்சிட்ட 424 துண்டுகளை ஒரு கூரைச் சாளரத்தில் பொருத்தினார்கள். குளிர்கால ஈரத்தில் சுருண்டு வெயிலை உள்ளே விடும், கோடையில் தட்டையாகி மறைக்கும். வயர் இல்லை, பம்பு இல்லை, கரண்ட் பில்லும் இல்லை.

சின்னக் கூரைச் சாளரத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். பெரிய அலுவலகக் கட்டடம் என்றால் யோசு பட்டைகள். அங்கே சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் திறந்துவிடுங்கள் என்று யாராவது கேட்பார்கள், காற்றின் ஈரத்துக்கு மட்டுமே அசைகிற மரத்துக்கு அந்தக் கட்டளை புரியாது.