கோர்ட் அனுப்பின போதை மறுவாழ்வு மையம்: 5க்கு 1 ஸ்டார்

கஞ்சா அடிச்ச கேஸ்ல என் தம்பிக்கு ஜெயிலுக்குப் பதிலா ட்ரீட்மென்ட்னு கோர்ட்ல சொன்னப்ப வீட்ல எல்லாருக்கும் உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. வக்கீல் சொன்ன பிரைவேட் சென்டர்லயே சேர்த்தோம், கேஸ் இன்னும் ஓடுறதால பேரு போடல. மாசம் 18,000 ரூபா, மருந்து தனி, யூரின் டெஸ்ட்டுக்கும் தனி. சாப்பாடு குறை சொல்ல முடியாது, நைட் டூட்டி நர்ஸ் அக்கா தங்கமானவங்க, அந்த ஒரு ஸ்டார் அவங்களுக்குத்தான்.

சேர்த்த அன்னிக்கே மொட்டை அடிச்சிட்டாங்க. கேட்டா எல்லாருக்கும் இதாம்மா ரூல்ஸுங்குறாங்க. 2017 மனநலச் சட்டத்துக்குள்ள போதைப் பிரச்சனையும் வருது, அதுல கட்டாய மொட்டை கூடாதுன்னே எழுதியிருக்கு, சங்கிலி போடக் கூடாதுன்னும் இருக்கு, போன் பேசுற உரிமையும் இருக்கு. இங்க போனை வாங்கி பீரோல வெச்சுப் பூட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பார்க்கப் போனா வார்டன் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவாரு, இவன் தலையைத் தடவிக்கிட்டே "நல்லாருக்கேன்க்கா"ம்பான், கண்ணு என்னமோ வார்டன் மேலதான் இருக்கும்.

இதைக்கூட பொறுத்துக்கலாம். அங்க கவுன்சிலிங் பண்றவரும் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுறவரும் ஒரே ஆளு, அதைத்தான் என்னால தாங்கவே முடியல. போதையை விடுறவங்க நடுவுல ஒரு தடவை சறுக்குறது இந்த நோயோட இயல்பு, எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அப்படி சறுக்கினப்பதான் மனசு விட்டுப் பேச ஆள் வேணும், ஆனா பேசினா அது ஃபைல்ல ஏறி ஜட்ஜ் கைக்குப் போயிடும்னு இவனுக்குத் தெரியும்ல, அப்புறம் எப்படி வாயைத் திறப்பான்? தூக்கம் வரல, கை நடுங்குது, இன்னும் அந்த ஆசை இருக்குன்னுகூட அவன் யார்கிட்டயும் சொல்லல. நடிச்சே முடிச்சிட்டு வந்தான். ரிப்போர்ட்ல "நல்ல முன்னேற்றம்".

சட்டத்தையும் சொல்லிடறேன், நமக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. போதைப்பொருள் சட்டம் 27வது பிரிவுல கஞ்சா அடிச்சதுக்கு அதிகபட்சம் 6 மாசம் ஜெயில், இல்ல 10,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 39வது பிரிவுல ட்ரீட்மென்ட்னு போனா ஒரு வருஷத்துக்குள்ள ரிப்போர்ட் குடுக்கணும், அதுக்கப்புறம் 3 வருஷம் வரைக்கும் இந்தச் சட்டத்துல வர்ற குற்றம் எதுவும் பண்ண மாட்டேன்னு கோர்ட் பாண்ட் எழுதி வாங்கலாம். நம்ம சம்மதம் இருந்தாதான் அனுப்பலாம்னு அதுலயே இருக்கு. ஜெயிலை முன்னாடி நிறுத்திட்டு சம்மதமான்னு கேட்டா யாரு மாட்டேன்னு சொல்லுவா?

வெளிய வந்தும் நிம்மதி இல்ல. கண்டிஷன் பெயில்ல இருந்தப்பவே தினமும் காலைல 10.30க்கு ஸ்டேஷன்ல கையெழுத்து, ஏசி மெக்கானிக் வேலை போச்சு, அந்த நேரத்துல லீவு எந்த ஓனர் குடுப்பாரு. இப்ப ஒரு போலீஸ்காரர் வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் அனுப்புன்னு கேக்குறாரு, கோர்ட் ஆர்டர்ல அப்படி ஒரு வரியே கிடையாது. ஜாமீன்ல வந்தவர் கூகுள் மேப்ஸ்ல தான் இருக்கிற இடத்தைக் காட்டணும்னு போட்ட கண்டிஷனையே 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, ஒருத்தரை எந்நேரமும் போலீஸ் கண்காணிக்கிற மாதிரி ஜாமீன் கண்டிஷன் இருக்கக் கூடாதுன்னு. அந்தத் தீர்ப்பை பிரின்ட் எடுத்து வக்கீல்கிட்ட குடுத்திருக்கேன்.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஆர்டர் வந்தா முதல்ல அரசு ஆஸ்பத்திரியைக் கேளுங்க, 2025ல இருந்து போதை ட்ரீட்மென்ட்டுக்குன்னே கலங்கரை மையம்னு ஆரம்பிச்சிருக்காங்க, 14446ங்குற போதை மீட்பு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. பிரைவேட்தான்னா மனநல ஆணையத்துல பதிவு பண்ணின சர்டிஃபிகேட்டை கண்ணால பாருங்க, கவுன்சிலிங்ல பேசினது ரிப்போர்ட்ல வராதுன்னு எழுதிக் கேளுங்க, மாட்டேன்னு சொன்னா அங்க சேர்க்காதீங்க.