ரைசன் 5 5600-ஆ, ஐ5-12400எஃப்-ஆ: ஏசி இல்லாத அறைக்கு எது?

சென்னை ரிச்சி தெருவில் "கேமிங்குக்கு வேண்டும், பட்ஜெட் கம்மி" என்று நான் கேட்ட கடைகளில் எல்லாம் சுற்றிச் சுற்றி இரண்டு கொட்டேஷன்தான் கைக்கு வந்தது. ஒன்றில் ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசசர், அதோடு பி450 அல்லது பி550 மதர்போர்டு. இன்னொன்றில் இன்டெல் கோர் ஐ5-12400எஃப், அதோடு எச்610 அல்லது பி660. டிடிஆர்4 ரேம், எஸ்எஸ்டி, கேபினட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய அதேதான். நான் 5600-ஐ பி550 போர்டோடு எடுத்தேன். வளசரவாக்கத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத அறையில் அது ஓடுகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

வேகக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டும் 2022-இல் வந்தவை. இரண்டுக்கும் 6 கோர், 12 த்ரெட், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். சில ஆட்டங்களில் இது முந்தும், சிலவற்றில் அது. ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டைப் போட்டு 1080பி-யில் ஆடுகிறவருக்குத் திரையில் வித்தியாசம் தெரியாது. அங்கே மூச்சு வாங்குவது கார்டுதான், பிராசசர் அல்ல. இரண்டிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால் அது திரும்பி வரும்வரை திரை கறுப்புதான்.

எனவே பிராசசரில் மிச்சம் பிடிக்கிற காசு கார்டுக்குப் போகட்டும். ஆர்எக்ஸ் 6600-ம் ஆர்டிஎக்ஸ் 3050-ம் ஒரே விலைக்கு வந்தால் 6600-தான். இரண்டும் 130 வாட் சுமாருக்குத்தான் குடிக்கின்றன, ஆனால் ஆட்டத்தில் 6600 தெளிவாக முன்னே நிற்கும். 3050 என்ற பெயரிலேயே 6 ஜிபி கார்டு ஒன்றும் இருக்கிறது. அதில் குறைவது ரேம் மட்டுமல்ல, உள்ளே கோர்களும் குறைவு. "3050 சார், விலை கம்மி" என்றால் எத்தனை ஜிபி என்று கேளுங்கள்.

இனி ஓவர்கிளாக், அதாவது கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டிச் சிப்பை ஓட்டுவது. இன்டெலில் பெயர் 'கே', 'கேஎஃப்', 'கேஎஸ்' என்று முடிந்தால்தான் வேகப் பெருக்கி திறந்திருக்கும், அதற்கும் விலை கூடிய இசட் போர்டு வேண்டும். 12400எஃப் பூட்டிய சிப். ஒருசில பி660 போர்டுகளில் அடிப்படைக் கடிகார வேகத்தை ஏற்றி இந்தப் பூட்டைச் சுற்றிப் போனார்கள் என்பது உண்மை, ஆனால் அதை நம்பி பட்ஜெட் போட முடியாது. ஏஎம்டி பக்கம் 5800எக்ஸ்3டி மாதிரி சிலவற்றைத் தவிர டெஸ்க்டாப் ரைசன் எல்லாமே திறந்த சிப்கள். போர்டு பி அல்லது எக்ஸ் வரிசையில் இருந்தால் போதும். ஏ520-இல் மட்டும் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது, ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அதில் போய் விழ வேண்டாம். காகிதத்தில் இந்தச் சுற்று ஏஎம்டிக்கு.

ஆனால் நான் 5600-ஐ எடுத்தது வேகத்தை ஏற்றுவதற்காக அல்ல, இறக்குவதற்காக.

வெளிநாட்டு ரிவ்யூக்களில் அறை வெப்பநிலை 21, 22 டிகிரி என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இரவு ஒன்பது மணிக்கும் 34, 35 இருக்கும். கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிப்பின் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்ட வேண்டும். காற்று 13 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சிப்பும் ஏறக்குறைய அதே 13 டிகிரி மேலே போகும். ரிவ்யூவில் 72 என்று பார்த்தது நம் வீட்டில் 85. 5600-க்கு உச்ச வரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டப்பாவோடு வருகிற குட்டிக் கூலரை வைத்துக்கொண்டு மே மாதத்தில் 85-க்கும் 90-க்கும் இடையே ஊசலாடுவதுதான் நடக்கும், ஃபேன் சத்தம் தனி.

இந்த நிலையில் ஏஎம்டியின் பிபிஓ என்ற வசதியைப் போட்டு வேகத்தை ஏற்றினால் என்ன கிடைக்கும்? 5600 சாதாரணமாக 76 வாட்டோடு நின்றுகொள்ளும். பிபிஓ அந்த வரம்பைத் தளர்த்தி, கூடுதலாக 200 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற இடம் தருகிறது. என் கணினியில் ஆட்டத்தில் அதனால் கிடைத்தது இரண்டு மூன்று எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு), அதுவும் மார்கழியில். சித்திரை வந்ததும் வெப்ப வரம்பு முன்னால் வந்து நிற்கிறது, ஏற்றிய வேகம் இருந்த இடம் தெரிவதில்லை. நம் ஊரில் ஓவர்கிளாக் ஒரு சீசன் ஐட்டம்.

பிபிஓ இருப்பது பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில். அங்கே பிபிஓ-வுக்குள்ளேயே கர்வ் ஆப்டிமைசர் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நெகடிவ் என்று வைத்து ஒரு எண் கொடுத்தால், சிப் ஒவ்வொரு வேகத்துக்கும் கேட்கும் வோல்டேஜ் குறையும். ஒரு படிக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சிப் குடிக்கும் மின்சாரம் வோல்டேஜின் இருமடியை ஒட்டி ஏறி இறங்குவது, அதனால் சின்னக் குறைப்புக்கும் சூட்டில் நல்ல பலன் உண்டு. எல்லாக் கோர்களுக்கும் 20 குறைத்து வைத்திருக்கிறேன். அதே வேகத்தில் ஆறேழு டிகிரி இறங்கியது, ஃபேன் சத்தமும் அடங்கியது. வெப்ப வரம்பில் இடிக்காததால் வேகம் நிலையாக நிற்பதும் கூடுதல் லாபம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வோல்டேஜ் அதிகமாகக் குறைந்துபோனால் கணினி பெரும்பாலும் ஆட்டத்தின் நடுவில் விழாது. சும்மா இருக்கும்போதுதான் அதிகம் விழும்: பாட்டு கேட்கும்போது, பிரவுசரில் எதையாவது படிக்கும்போது, திடீரென்று ரீஸ்டார்ட். ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் கணத்தில்தான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது. அதனால் பத்து நிமிட ஸ்ட்ரெஸ் டெஸ்டை நம்பாமல், ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்கிளர் மாதிரி ஒன்றை இரவு முழுக்க ஓட விடுங்கள். எந்தக் கோர் தடுமாறுகிறதோ அதற்கு மட்டும் எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். சிப்புக்குச் சிப் குணம் மாறும், என் 20 உங்களுக்கு 10 ஆகலாம்.

12400எஃப்-இல் இந்த வேலை இவ்வளவு சுலபமில்லை. பூட்டிய சிப்பில் வோல்டேஜைக் குறைக்க விடுவதா என்பது போர்டையும் பயாஸ் பதிப்பையும் பொறுத்தது. விடும் போர்டிலும், மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் சிஇபி என்ற பாதுகாப்பு குறுக்கே வந்து வேகத்தைக் குறைத்துவிடும்; சூடு இறங்கும், கூடவே எஃப்பிஎஸ்ஸும். மின்வரம்பை மட்டும் குறைத்து வைக்க நிறைய போர்டுகள் விடுகின்றன, அது வேறு வழி.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 12400எஃப் ஆட்டத்தின்போது சூடாகிற சிப்பே அல்ல. முழுப் பளுவில் 117 வாட் வரை தாவ அனுமதி இருந்தாலும் கேமிங்கில் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை, வரம்பும் 100 டிகிரி. நண்பர் ஒருவரின் கணினியை அசெம்பிள் செய்து கொடுத்து, கொஞ்ச காலம் கவனித்ததுதான் இந்தப் பக்கம் என் அனுபவம், அதுவும் அண்ணா நகரில் ஏசி அறையில். அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கோடை முழுக்க ஏசி இல்லாமல் அது எப்படி ஓடும் என்று நான் பார்த்ததில்லை, அதனால் ஏஎம்டியைப் பற்றிச் சொன்ன உறுதியோடு இதைச் சொல்ல மாட்டேன்.

பிராசசரைத் தொடுவதற்கு முன் ரேமைப் பாருங்கள். 3200 அல்லது 3600 என்று டப்பாவில் எழுதியிருக்கும் ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற, ரேமை டப்பாவில் சொன்ன வேகத்தில் ஓட்டும் அமைப்பை ஆன் செய்யும்வரை 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். கடையில் அசெம்பிள் செய்து தருகிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. பிபிஓ தருவதைவிட அந்த ஒரு கிளிக் தருவது அதிகம். 5600-க்கு 3600 நன்றாகப் பொருந்தும். இன்டெல் பக்கம் எச்610 எடுத்தால் 3200-ஓடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், ரேம் ஓவர்கிளாக் அந்தச் சிப்செட்டில் கிடையாது. அப்புறம், "16 ஜிபி ஒரே ஸ்டிக், பின்னால் இன்னொன்று சேர்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டால்தான் டூயல் சேனல், அதாவது பிராசசர் ரேமோடு ஒரே நேரத்தில் இரண்டு வழியில் பேசும்.

கார்டின் சூடும் இதே கணக்குதான், சொல்லப்போனால் பெரிய பங்கு அதனுடையது. 6600 தனியாகவே 132 வாட். ஆட்டம் நடக்கும்போது மொத்தமாக 200 வாட்டுக்கு மேல் அந்தச் சின்ன அறைக்குள் கொட்டுகிறது. மே மாதத்தில் காலடியில் ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் எஃப்பிஎஸ்ஸை 75-இல் கட்டிப்போடுங்கள். கார்டின் வோல்டேஜை ஏஎம்டியின் சொந்த மென்பொருளிலேயே கொஞ்சம் குறைக்கலாம். அதில் நான் அதிகம் விளையாடவில்லை, ஒரு படி இறக்கி நிம்மதியாக ஓடியதும் விட்டுவிட்டேன்.

கேபினட்டுக்கு முன்பக்கம் வலை. கண்ணாடி போட்டு, உள்ளே வானவில் விளக்கு மின்ன நிற்பவை கடை வாசலில் அழகாக இருக்கும், காற்றுக்கு வழி இருக்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலுக்கு அருகே இருப்பவர்கள் ஈரக் காற்றில் ஒட்டிக்கொள்ளும் தூசிக்காக ஃபில்டரை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். கூலருக்கு டவர் வகையில் ஒன்று, 120 மில்லிமீட்டர் ஃபேனோடு, கட்டாயம் என்றே சொல்வேன். பி550-ஐ விட்டு பி450 எடுத்தாலும் ஓடும், அதிலுள்ள பழைய பிசிஐ 3.0 கார்டு இணைப்பில் 6600-க்கு இழப்பு சொற்பம். 5600-க்குப் பொருந்தும் பயாஸ் ஏற்றியிருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பூட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பில் விஷயம். "ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள். 18 சதவீதம் மிச்சம் என்று கை துறுதுறுக்கும். டப்பாவில் வருகிற 5600-க்கு 3 வருட வாரன்டி உண்டு. டப்பா இல்லாமல் வரும் டிரே சிப்பின் வாரன்டி கடைக்காரர் சொல்லும் சொல்தான். பில் இல்லாத டிரே சிப்புக்கு அதுவும் இல்லை. வரம்பைத் தாண்டி ஓட்டியதால் வந்த சேதத்தை வாரன்டி ஏற்காது என்பதையும் பிபிஓ-வை ஆன் செய்யும்முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கே (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) போய்விடலாமே என்பார்கள். டிடிஆர்5 ரேமுக்கும் பி650 போர்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுக்கக் கையில் இருந்தால் போகலாம், பின்னால் பிராசசரை மட்டும் மாற்ற அதில் வழி இருக்கிறது. என் பட்ஜெட்டில் அந்தக் காசு கார்டிலிருந்துதான் போயிருக்கும். ஏசி அறை, பயாஸ் பக்கமே போகப்போவதில்லை, பி660-ஓடு 12400எஃப் ஓரிரு ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்றால் அதையே வாங்குங்கள். எச்610-ஐ மட்டும் தலையில் கட்ட விடாதீர்கள்.