செட்டிநாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள்: ஸ்டியரிங் யார் கையில் இருக்கட்டும்?

தை பிறந்தால் எங்கள் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறக்கும். கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி, முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கோவில் கும்பாபிஷேகம் என்று ஏதாவது ஒன்றுக்காகச் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், லண்டன், நியூஜெர்சி என எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். டிக்கெட் போட்ட கையோடு அவர்கள் கேட்பது இதைத்தான்: "திருச்சியில் இறங்கி நாமே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா, டிரைவர் வைத்துக்கொள்ளலாமா?"

ஐயாவும் அப்பத்தாவும் வாழ்ந்த வீடு கானாடுகாத்தானில் இருக்கும். பங்காளிகளுக்குப் பொதுவான அந்த வீட்டு வளவில் இவர்களுக்குப் பங்கும் இருக்கும். ஆனால் வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்து லைசென்ஸும் அங்கேயே எடுத்த பிள்ளைக்குத் தேவகோட்டை ரோடு வெளிநாட்டு ரோடுதான். வேறொரு நாட்டுக்குச் சுற்றுலா போனால் பத்து முறை யோசித்துக் கார் எடுப்பவர்கள், சொந்த ஊர் என்றதும் யோசிக்காமல் சாவியைக் கேட்கிறார்கள். எனக்குப் பயமே அங்கேதான்.

நான்கு வழிகள் இருக்கின்றன. செல்ஃப் டிரைவ் கார் எடுப்பது, ஊர் வீட்டுக் காரைத் தானே ஓட்டுவது, அந்தக் காருக்கு ஆக்டிங் டிரைவர் வைப்பது, டூர் டாக்சி பிடிப்பது. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கார் நல்ல நிலையில் இருந்தால் ஆக்டிங் டிரைவர்தான் சிறந்தது. இல்லையென்றால் டூர் டாக்சி. தானே ஓட்டுவது சிலருக்கு மட்டும், அதுவும் சில நேரங்களில் மட்டும்.

எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், இலங்கை ஆகிய இடங்களில் நம்மைப் போலவே இடது பக்கம்தான் வண்டி ஓடுகிறது. ஸ்டியரிங்கும் வலது பக்கம். அமெரிக்கா, கனடா, வளைகுடா நாடுகளில் எல்லாமே தலைகீழ். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன ஐயாக்கள் காலத்தில் பர்மாவிலும் இடது பக்கம்தான் ஓட்டினார்கள். அங்கே வலதுக்கு மாற்றியது 1970 டிசம்பரில்.

பக்கம் மாறி ஓட்டுவதில் ஆபத்து நெரிசலில் வருவதில்லை. காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிற வண்டியே வழி காட்டிவிடும். காலியான ரோட்டில்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். விடிகாலையில் பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வருகிறீர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லை. கை தன்னால் வலது ஓரத்துக்குப் போகும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, யு டர்ன் அடித்ததும், சின்னச் சந்திப்பில் வலது பக்கம் திரும்பியதும் இதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. நம்மூர் மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்கின் வலது பக்கம் இருக்கும். அமெரிக்காவில் அது இடது பக்கம். அங்கிருந்து வந்தவர் திரும்புவதற்குச் சிக்னல் போட நினைத்து, வெயிலில் வைப்பரை ஓட விடுவார். இண்டிகேட்டரைத் தேடும் அந்த இரண்டு நொடியும் கண் ரோட்டில் இல்லை. ஆட்டோமேட்டிக்கே ஓட்டிப் பழகியவர் என்றால் இடது கையால் கியர் போடவும் பழகியாக வேண்டும்.

அதனால் வலது பக்க நாடுகளிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறவர்கள் ஸ்டியரிங் பக்கமே போக வேண்டாம் என்பேன். கை பழகுவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும்.

லைட்டும் ஹார்னும் பேசும் பாஷை

அப்படியானால் சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் தாராளமாக ஓட்டலாமா? பக்கம் ஒன்றுதான், பாஷை வேறு.

குறுகலான இடத்தில் எதிரே வரும் லாரி ஹெட்லைட்டை இரண்டு முறை அடிக்கிறது. லண்டனில் ஓட்டிப் பழகியவர் அதை வழிவிடுவதாக எடுத்துக்கொள்வார். அங்கே பழக்கம் அப்படி. இங்கே அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். இரண்டு பேரும் அவரவர் பழக்கப்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள், வண்டிகள் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. முன்னே போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால், அது திரும்பப் போகிறதா, உங்களை முந்திப் போகச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ரோட்டின் வளைவையும், எதிரே வரும் வண்டியையும், லாரிக்காரர் கை வெளியே நீட்டுகிறாரா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சிங்கப்பூரில் ஹார்ன் அடித்தால் திட்டுகிற மாதிரி. இங்கே கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் பைக்காரருக்கு ஹார்ன்தான் கண்ணாடி. அடிக்காமல் முந்தினால் அவர் நேராக உங்கள் முன்னால் வந்து விழுவார்.

சென்டர் மீடியன் உள்ள ரோட்டில் எதிர்ப்பக்கத்து வண்டி நம் பக்கம் வராது என்று நினைப்பதும் இங்கே செல்லாது. அடுத்த இடைவெளி வரை சுற்றிப் போக மனசில்லாமல் ஓரமாகவே எதிர்த்திசையில் வரும் மொபெட்டுகள் ஏராளம்.

கிராமத்துக்குள் போகப் போகக் கண்மாய்க்கரை ரோடுகள் வரும். கரை வளைகிறபடி ரோடும் வளையும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம், தடுப்புச் சுவர் பெரும்பாலும் இருக்காது. வளைவை மறைத்துச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். எதிரே டவுன் பஸ் வந்தால் எந்த இடத்தில் ஒதுங்கினால் மண் தாங்கும் என்று உள்ளூர் டிரைவருக்குத்தான் தெரியும். கூகுள் மேப் அதே கரையை "குறுக்கு வழி" என்று காட்டிக்கொடுக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயப்போட்டு, சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். பகலில் அது தெரியும்.

செல்ஃப் டிரைவா, வீட்டுக் காரா?

எல்லாம் யோசித்தும் ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் காகிதம். உங்கள் நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி கொடுப்பதை வாங்குங்கள், அது ஒரு வருஷம் செல்லும். லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே, கிளம்புவதற்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பிலும், சிங்கப்பூரில் அங்குள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷனிலும் கிடைக்கும். இணையத்தில் "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று விற்கும் அட்டைகளை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அனுமதிச் சீட்டு மட்டும் இருந்து மூல லைசென்ஸ் கையில் இல்லையென்றாலும் பிரயோஜனமில்லை.

செல்ஃப் டிரைவ் காருக்கு நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். வாடகைக்கு விடும் உரிமத்தோடு ஓடும் வண்டி என்பதற்கு அதுதான் அடையாளம். ஊரில் "தெரிந்தவர் கார் இருக்கிறது, நாளுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று ஒயிட் போர்டு வண்டியைக் காட்டுவார்கள். விலை குறைவாகத்தான் இருக்கும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு விட்டது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

வீட்டுக் காரில் சிக்கல் வேறு மாதிரி. வருஷத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும் வண்டி அது. "கிலோமீட்டர் கம்மி, புதுசு மாதிரி" என்பார்கள். குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். அந்த டயரில் மே மாத வெயிலில் மதுரைக்குப் போகக் கூடாது. எலி கடித்த வயர், துருப்பிடித்த பிரேக் டிஸ்க், இறங்கிப்போன பேட்டரி, முடிந்துபோன இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாவியைக் கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், ஓட்டியவர் மேல் மட்டுமல்ல, கொடுத்த உரிமையாளர் மேலும் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் வரும். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாலும் அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். பேரன் ஆசையாகக் கேட்கிறான் என்பதற்காக ஐயா இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

ஆக்டிங் டிரைவரா, டூர் டாக்சியா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

டூர் டாக்சியில் வண்டிப் பொறுப்பு டிராவல்ஸ்காரருடையது. மஞ்சள் போர்டு, பெர்மிட் இருக்கிறது. வழியில் பஞ்சரானாலும் மாற்று வண்டி கேட்கலாம். விமான நிலையத்திலிருந்து நேராக ஏற இதுதான் வசதி. திருச்சியானாலும் மதுரையானாலும் காரைக்குடிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். ஆனால் யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. முந்தின இரவு முழுக்கக் கல்யாண டிரிப் ஓட்டிவிட்டு, காலையில் முகம் கழுவிக்கொண்டு உங்களை ஏற்ற வருகிறவராகவும் இருக்கலாம். "நேற்று எங்கே ஓட்டினீர்கள் அண்ணே, தூங்கினீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. நான் கேட்காமல் ஏறுவதில்லை.

பின்சீட் பெல்ட்டையும் கேளுங்கள். பல டாக்சிகளில் சீட் கவர் போடும்போது பெல்ட் மாட்டும் கொக்கியை உள்ளே தள்ளி மூடியிருப்பார்கள். பெல்ட் தொங்கும், மாட்ட இடமிருக்காது. கவரின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினால் நுரைக்கு அடியில் கிடக்கும். சிங்கப்பூரில் சொந்தக் காரில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளையைத் தனி இருக்கை இல்லாமல் ஏற்றவே மாட்டார்கள். அதே பெற்றோர் இங்கே மடியில் வைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டு வாருங்கள். பெல்ட் எடுத்து வைத்த வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லுங்கள்.

ஆக்டிங் டிரைவர் பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்தவராக இருப்பார். எந்த வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு இல்லை, எந்த ஊருணி முக்கில் மாடு படுத்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரே ஆள் எல்லா நாளும் வருவதால், மெதுவாகப் போகச் சொன்னால் மறுநாளும் மெதுவாகப் போவார். வண்டி உங்களுடையது என்பதால் பெல்ட், டயர், பிரேக் எல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில். ஒரே ஒரு நிபந்தனை: அவரைத் தூங்க விட வேண்டும். இத்தனை அறைகள் உள்ள வீட்டில், ராத்திரி விசேஷம் முடியும்வரை டிரைவர் காருக்குள் கொசுக்கடியில் சாய்ந்து கிடப்பார், மறுநாள் விடியுமுன் எல்லாரையும் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பார்கள். பாயும் தலையணையும் மின்விசிறியும் கொடுத்து முகப்பில் படுக்க வையுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார வையுங்கள். உங்கள் பிள்ளைகளின் உயிர் அவர் தூக்கத்தில் இருக்கிறது.

ராத்திரியும் தை மாசமும்

விமானம் இரவில் இறங்கினால் திருச்சியிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது எல்லாவற்றையும்விட நல்லது. அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு உடம்பு ஒன்பதரை முதல் பதின்மூன்றரை மணி நேரம் வரை பின்னால் நிற்கும், அவர் இரவும் பகலும் தெரியாமல் தள்ளாடுவார். புதுக்கோட்டை, திருமயம் தாண்டி வரும் ரோட்டில் பின்விளக்கு இல்லாத டிராக்டர், ஓரத்தில் நிறுத்திய லாரி, ஹை பீமை இறக்காத பஸ் எல்லாமே ராத்திரிக்கு உரியவை.

தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) காவடியும் ஆயிரக்கணக்கான பாதயாத்திரைக்காரர்களும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பார்கள். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே நடப்பவர்கள் அதிகம். நடப்பவர் சட்டையில் ஒளிரும் ஸ்டிக்கர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இருட்டோடு இருட்டு. அந்த நாட்களில் அந்த வழியில் விடியுமுன் காரை எடுக்கவே வேண்டாம். சிறாவயல் மஞ்சுவிரட்டு நாளிலும் சுற்றுப்பட்டு ரோடெல்லாம் மாடும் ஆளுமாக இருக்கும்.

கார் வேண்டாம் என்பவர்களுக்குச் சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது, இரவில் காரைக்குடி சேர்த்துவிடும். 400 கிலோமீட்டர் ரோட்டில் வருவதைவிட அது எவ்வளவோ மேல். நகரத்தாரின் ஒன்பது பிரிவுகளுக்கும் உரிய நகரக் கோவில்களையும் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் காருக்கு வந்துதான் ஆக வேண்டும்.

சரி, சிங்கப்பூர்த் தம்பி ஒரு தடவையாவது ஓட்டியே தீருவேன் என்கிறார். கானாடுகாத்தானின் அகலமான நேர்த் தெருக்களில் மதிய நேரத்தில் ஆரம்பிக்கட்டும். பக்கத்தில் ஆக்டிங் டிரைவர் உட்காரட்டும். மறுநாள் பகலில் பிள்ளையார்பட்டி வரை போய் வரட்டும். ஊர் எல்லை தாண்டிய நீண்ட பயணமும் ராத்திரியும் அவர் கணக்கில் வேண்டாம். முந்தின இரவு விருந்தில் ஒரு கிளாஸ் தொட்டிருந்தாலும் சாவி கிடையாது. இங்கே வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் உள்ள 80இல் பாதிகூட இல்லை.

ஏதாவது ஆகிவிட்டால் 108ஐ அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ம் உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளிநாட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். அடிபட்டது எதிர் வண்டிக்காரர் என்றாலும் இது பொருந்தும், அவரை உடனே சேர்ப்பதுதான் முதல் வேலை. விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு உள்ளூர் சிம் வாங்கி, டிரைவர் நம்பரையும் ஊர் வீட்டு நம்பரையும் வண்டியில் வரும் பெரியவர்கள் எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.