செல்லைத் தொட கூர்முனையா, உருண்டையா?

அணுவிசை நுண்ணோக்கியில், அதாவது ஆய்வகத்தில் எல்லோரும் சொல்கிற ஏஎஃப்எம்மில், உயிருள்ள செல்லை அளக்கப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு வேகத்தில் அழுத்த வேண்டும், எத்தனை செல் எடுக்க வேண்டும் என்பதைத்தான். எந்த முனையை மாட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. டப்பாவில் மிச்சமிருப்பதை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். ஆனால் செல் எவ்வளவு விறைப்பு என்று கடைசியில் கையில் வரும் கிலோபாஸ்கல் கணக்கை அந்த முனை பல மடங்கு மாற்றிவிடும். அதனால் கருவியைப் பற்றி அதிகம் பேசாமல், இரண்டு முனைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் 1986இல் அறிமுகப்படுத்திய அடிப்படை இன்றும் அதேதான்: ஒரு மெல்லிய பட்டை, அதன் நுனியில் ஒரு முனை. பட்டைக்குக் கான்டிலீவர் என்று பெயர். செல்லுக்கு மிக மென்மையான பட்டை வேண்டும், 0.01 முதல் 0.1 நியூட்டன்/மீட்டர் விறைப்பு உள்ளதைத்தான் பெரும்பாலும் எடுப்போம். பட்டையின் முதுகில் லேசர் படும். முனை செல்லைத் தொட்டுப் பட்டை வளைந்ததும் ஒளிப்புள்ளி நகரும், அதிலிருந்து விசை தெரியும்.

வேறுபாடு நுனியில்தான். கூர்முனை என்பது சிலிக்கான் நைட்ரைடில் செய்த குட்டி பிரமிடு. உச்சியின் ஆரம் சுமார் 20 நானோமீட்டர். உருண்டை முனை என்பது அதே மாதிரிப் பட்டையில் ஒட்டிய கண்ணாடி அல்லது பாலிஸ்டைரீன் மணி; விட்டம் 5 முதல் 10 மைக்ரான். ரத்தச் சிவப்பணுவே 7, 8 மைக்ரான்தான். ஆக, ஒன்று ஊசி, இன்னொன்று கிட்டத்தட்ட செல் அளவுக்கே இருக்கும் பந்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யங் குணகம், அதாவது விறைப்பைச் சொல்லும் மீள்தன்மைக் குணகம், 1 கிலோபாஸ்கல் உள்ள ஒரு செல். அதில் 500 நானோமீட்டர் ஆழம் அமுக்க வேண்டும். 10 மைக்ரான் உருண்டைக்கு ஏறத்தாழ 1.4 நானோநியூட்டன் விசை ஆகும். கூர்முனையை அரைக்கோணம் 35 பாகை உள்ள கூம்பாக எடுத்துக்கொண்டால் 0.15 நானோநியூட்டன் போதும். கூர்முனைதான் செல்லுக்கு இதமானது என்று இதைப் பார்த்தால் தோன்றும். தொடுபரப்பையும் சேர்த்துப் பாருங்கள். உருண்டை அந்த விசையைச் சுமார் 8 சதுர மைக்ரானில் பரப்புகிறது, சராசரி அழுத்தம் 180 பாஸ்கல். கூம்பு 0.16 சதுர மைக்ரானில் குவிக்கிறது, அழுத்தம் 950 பாஸ்கல். விசை பத்தில் ஒரு பங்குதான், ஆனால் செல் அந்த இடத்தில் உணர்வது ஐந்து மடங்கு. உச்சிக்கு நேர் கீழே இன்னும் அதிகம்.

செல்லில் கூர்முனை காட்டும் குணகம் உருண்டை காட்டுவதைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருவது வழக்கம். சவ்வுக்கு அடியில் செல்லைத் தாங்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையைக் கூர்முனை நேராகப் போய் முட்டுகிறது, அதிகமாக இழுக்கப்படும் வலை அந்த இடத்தில் விறைக்கிறது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஆக்டின் இழைகள் எங்கே ஓடுகின்றன, மருந்து போட்ட பத்தாவது நிமிடத்தில் எந்த இழை முதலில் தளர்கிறது என்று வரைபடமாகப் பார்க்க வேண்டுமென்றால் கூர்முனையைத் தவிர வேறு வழியில்லை. 5 மைக்ரான் பந்தை வைத்துக்கொண்டு அரை மைக்ரான் இழையைத் தேட முடியாது.

உருண்டைக்கும் அதற்கே உரிய பார்வை உண்டு. செல்லின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளும் நுண்விரல்களும் சேர்ந்து ஒரு தூரிகை மாதிரிப் படர்ந்திருக்கும். கூர்முனை அதற்குள் புகுந்து போய்விடும். உருண்டை அதை அமுக்கி உணரும். சொகோலோவ் குழு 2009இல் கருப்பைவாய்ச் செல்களில் செய்த அளவீடு இப்படித்தான்: இயல்பான செல்களில் தூரிகை ஒரே நீளம், புற்றுச் செல்களில் இரண்டு நீளம். முனையைப் பெரிதாக்கியதால்தான் அது கண்ணில் பட்டது.

சரி, அப்படியானால் உருண்டையே பாதுகாப்பானதா? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தடிமனில் 10 சதவீதத்துக்கு மேல் அமுக்காதே என்று ஒரு விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. உலோகப் பூச்சுகளின் கடினத்தன்மையைக் கூரான முனையால் சோதித்த காலத்தில் வந்த விதி அது. 5 மைக்ரான் உயரமுள்ள செல்லில் 500 நானோமீட்டர் அமுக்கினால் விதியை மீறவில்லை. ஆனால் 10 மைக்ரான் உருண்டை அந்த ஆழத்தில் அடியில் இருக்கும் கண்ணாடித் தட்டையும் உணர்கிறது. டிமிட்ரியாடிஸ் குழு 2002இல் தந்த திருத்தச் சூத்திரத்தில் போட்டால், குணகம் உண்மையைவிடச் சுமார் 50 சதவீதம் உயர்ந்து நிற்கும். செல்லின் ஓரத்தில், தடிமன் 2 மைக்ரான் உள்ள இடத்தில், மூன்று மடங்கு. 5 மைக்ரான் உருண்டை எடுத்து 300 நானோமீட்டரோடு நிறுத்தினால் நடுப்பகுதியில் பிழை 25 சதவீதத்துக்குள் அடங்கும், திருத்தமும் எளிதாகப் பொருந்தும். அதனால் பெரிய உருண்டை வாங்க நினைப்பவர்களிடம் நான் எப்போதும் சின்னதையே சொல்வேன். அப்படியும் செல்லின் ஓரத்தில் உருண்டையை இறக்காதீர்கள். அந்த இடம் கூர்முனைக்கானது.

அழுக்கு ஒட்டும் சிக்கலில் உருண்டைக்கு ஒரு நன்மை உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆக்டினைக் கலைக்கும் சைட்டோகலாசின் டி போட்ட தட்டில் ஒரு நாள் முழுக்க அளந்தேன். மதியத்துக்கு மேல் செல்கள் மெதுவாக மென்மையாகிக்கொண்டே வந்தன. மருந்து வேலை செய்கிறது என்று ஒரே சந்தோஷம். மாலையில் மருந்து போடாத தட்டை வைத்தால் அதுவும் அதே அளவுக்கு மென்மை. முனையை எடுக்கும்போது வரும் விசைக்கோட்டை அப்போதுதான் கவனித்தேன். வழக்கமாகச் சட்டென்று மேலே வந்து படுத்துவிடும் கோடு, படி படியாக நீண்டு இழுத்துக்கொண்டிருந்தது. பட்டையைத் திருப்பி ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், கண்ணாடி மணியின் அடியில் செத்த செல்லின் துணுக்கு ஒன்று சாம்பல் நிறத் தொப்பி மாதிரி ஒட்டியிருந்தது. காலையிலிருந்து எடுத்த கோடுகளில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அன்று கூர்முனை மாட்டியிருந்தால் அந்தத் துணுக்கைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னும் பின்னும் விறைப்பு தெரிந்த ஒரு பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் நாலு கோடு எடுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அந்த ஜெல் மாதிரி எங்கும் ஒரே சீராக இருக்கும் பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், உருண்டைதான். 1882இல் ஹெர்ட்ஸ் எழுதிய தொடுகைச் சூத்திரம் அங்கே அழகாகப் பொருந்தும்.

குருத்தெலும்பு கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பாசலில் ஸ்டோல்ஸ் குழு 2004இல் பன்றியின் மூட்டுக் குருத்தெலும்பை இரண்டு முனைகளாலும் அளந்தது. உருண்டை சொன்னது 2.6 மெகாபாஸ்கல். கூர்முனை சொன்னது 0.021. நூறு மடங்குக்கும் மேல் குறைவு. செல்லில் பார்த்த போக்குக்கு நேர் எதிர். உருண்டை, கொலாஜன் வலையும் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கனும் சேர்ந்து தாங்கும் மொத்தத்தை அளக்கிறது. கூர்முனை அந்த இழைகளையும் இடையிலிருக்கும் மென்மையான பகுதியையும் தனித்தனியாகத் தொடுகிறது. 2009இல் அதே குழு, மூட்டுத் தேய்வின் ஆரம்ப மாற்றங்களைக் காட்டியது கூர்முனை அளவீடுதான், உருண்டையில் அது தெரியவில்லை என்று வெளியிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவுகளில் இதுவும் ஒன்று. உருண்டைதான் நம்பகமானது என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த என்னை நிறுத்தியது இதுதான்.

செல்லின் இயந்திரவியலை அளக்க வேறு கருவிகளும் இருக்கின்றன. நுண்குழாயில் உறிஞ்சலாம், ஒளியால் இழுக்கலாம், குறுகிய வாய்க்காலில் ஓடவிட்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான செல்களின் உருமாற்றத்தைப் படம் பிடிக்கலாம். ஏஎஃப்எம்மில் ஒரு நாளைக்குச் சில பத்து செல்தான். ஆனால் தட்டில் ஒட்டியிருக்கும் செல்லை, நாம் விரும்பும் இடத்தில், விரும்பும் விசையில் தொட ஏஎஃப்எம்தான் கைகொடுக்கும். 2018இல் பல ஆய்வகங்கள் ஒரே வகை மார்பகப் புற்றுச் செல்லை, எம்சிஎஃப்-7ஐ, பல முறைகளில் அளந்து ஒப்பிட்டபோது மீள்தன்மைக் குணகம் ஆயிரம் மடங்கு வரை வேறுபட்டது. அதனால் முனையின் வடிவம், ஆரம், அமுக்கிய ஆழம், வேகம் நான்கையும் குறிப்பிடாமல் வெறும் கிலோபாஸ்கலை மட்டும் போடும் கட்டுரையோடு நான் என் எண்ணை ஒப்பிடுவதில்லை.

ஒரே ஒரு பெட்டி வாங்கத்தான் பணம் இருக்கிறது, இந்தச் செல் அந்தச் செல்லைவிட மென்மையா என்பதுதான் கேள்வி என்றால், 5 மைக்ரான் உருண்டை ஒட்டியே வரும் பட்டையை வாங்குங்கள். விலை கூடுதல்தான். மணியை எபாக்ஸி வைத்து நீங்களே ஒட்டலாம், ஆனால் பசை மணியின் அடிப்பக்கம் வரை ஏறாமல் நிறுத்தக் கை பழக வாரக்கணக்கில் ஆகும். இழையும் ஓரமும்தான் கேள்வி என்றால் கூர்முனை. திசுத் துண்டு கிடைத்தால், அதுவும் நோயாளியிடமிருந்து வந்த துண்டு என்றால், தயவுசெய்து இரண்டாலும் அளங்கள்.