பிக்கப் வண்டிக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் ‘பிக்கப்’ தருமா?

சாதாரணப் பெட்ரோலைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் உயர் ஆக்டேன் பெட்ரோலை இரண்டு பிக்கப் வண்டிகளில் நீண்ட நாள் ஊற்றிப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் வண்டியில் இருந்தது, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ இல்லாத, கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்ற அளவு) ஒன்பதைச் சற்றே தாண்டிய பழைய எஞ்சின். இப்போது ஓட்டும் வண்டியில் டர்போவும், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் உள்ளன. பழைய வண்டியில் அந்தப் பெட்ரோலுக்குச் செலவழித்த கூடுதல் பணம் முழுவதும் வீண். புதிய வண்டியில், பாரம் இழுக்கும் நாட்களில் மட்டும் அது வாங்கிய காசுக்கு வேலை செய்கிறது.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் ‘சக்தி’யும் கூடும் என்று பங்கில் வரிசையில் நிற்கும் பலரும் நம்புகிறார்கள், நானும் நம்பியவன்தான். உண்மையில் அந்த எண், பெட்ரோல் அழுத்தத்தையும் சூட்டையும் எவ்வளவு தாக்குப்பிடிக்கும், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்குமா என்பதையே குறிக்கிறது. ஐசோ ஆக்டேன், நார்மல் ஹெப்டேன் என்ற இரண்டு எரிபொருள்களில் முன்னதற்கு 100, பின்னதற்கு 0 என்று வைத்து, கம்ப்ரஷனை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு அதை அளக்கிறார்கள். எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலினுடையதைவிட அதிகம். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு இதுவே போதுமான சான்று.

அப்படியானால் புதிய எஞ்சினில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஸ்பார்க் பிளக்கின் பொறி விழுந்ததும் தீ ஒரு முனையிலிருந்து பரவத் தொடங்குகிறது. அது போய்ச் சேருவதற்குள் மறுமுனையில் நசுங்கிக் கிடக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்தால், அதிலிருந்து எழும் அழுத்த அலை பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் சுத்தியலால் அடிப்பது போலத் தாக்குகிறது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். எஞ்சின் பிளாக்கில் பொருத்தப்பட்ட நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்ட உடனே, கட்டுப்பாட்டுக் கணினி பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சற்றுப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றுகிறது. பொறி தாமதமானால் இழுவை குறையும், புகைக்குழாயின் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கக் கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவதும் உண்டு. குறைந்த ஆக்டேனால் ஏற்படும் இழப்பு இப்படி ஓசையின்றி நடந்துவிடுவதால், ஓட்டுநருக்கு அது தெரிவதே இல்லை.

எனக்கும் அது, கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சாமான் ஏற்றிய ட்ரெய்லருடன், நல்ல வெயிலில், ஒரே ஏற்றத்தில் சாதாரணப் பெட்ரோலோடு ஏறியபோது டைமிங் திரும்பத் திரும்பப் பின்வாங்கியது. கியர் பெட்டியும் ஒரு கியர் இறங்கி எஞ்சினை அலற வைத்தது. உயர் ஆக்டேனை நிரப்பி, ஒரு டேங்க் தீரும்வரை ஓட்டிய பிறகு அதே ஏற்றத்தில் டைமிங் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றது, கியரும் இறங்கவில்லை. வண்டி காலியாக இருக்கும்போது, சமதளத்தில், இரண்டு பெட்ரோலையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மைலேஜ் கூடியதா என்று கேட்டால், காற்றும் போக்குவரத்தும் செய்யும் வித்தியாசத்துக்குள் அது மறைந்துவிட்டது.

என் ஒரு வண்டியின் அனுபவத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. உயர் ஆக்டேனைப் பரிந்துரைக்கும், ஆனால் கட்டாயமாக்காத வாகனங்களை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் உயர்ந்திருந்தன. விலை வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் அன்றாட ஓட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது.

நீடித்த உழைப்பு என்று வரும்போது என் பழைய வண்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும். மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஒரு டக்குடக்குச் சத்தம் வந்தது. ஒரு மெக்கானிக், “உயர் ஆக்டேன் ஊற்றுங்கள் சார், சரியாகிவிடும்” என்றார். சத்தமும் அடங்கியது; மாதக்கணக்கில் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் திறந்து பார்த்தபோதுதான், புகையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பி எரிசூட்டைக் குறைக்கும் ஈஜிஆர் வால்வு கரி படிந்து மூடியபடியே சிக்கிக் கிடப்பது தெரிய வந்தது. சுத்தம் செய்ததும் சாதாரணப் பெட்ரோலிலேயே சத்தம் நின்றது. நான் அத்தனை மாதங்கள் வாங்கியது நோய்க்கு மருந்தல்ல, வலி மாத்திரைதான்.

டர்போ எஞ்சின்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு: குறைந்த வேகச் சுழற்சியில் முழு பாரம் விழும்போது, பொறி விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. இதில் எஞ்சின் ஆயிலுக்கும் பெரிய பங்கு இருப்பதால், ஆக்டேனை உயர்த்துவது மட்டும் தீர்வாகாது. இப்படி முன்கூட்டியே பற்றுவதைத் தடுக்கிறதா என்ற சோதனையில் தேறிய, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி போன்ற தரக்குறியீடு உள்ள ஆயிலையும் ஊற்ற வேண்டும். எஞ்சினைச் சுத்தமாக வைத்திருப்பது பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட். அதற்கும் ஆக்டேன் எண்ணுக்கும் தொடர்பில்லை. டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது, டீசல் எவ்வளவு எளிதில் தானாகப் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்.

உயர் ஆக்டேன் வாங்குமுன் வண்டியின் கையேட்டில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ‘கட்டாயம்’ என்று இருந்தால் வேறு யோசனைக்கு இடமில்லை, ‘பரிந்துரை’ என்று இருந்தால் பாரத்தைப் பொறுத்து முடிவெடுக்கலாம். எண்ணைப் படிக்கும்போதும் கவனம் தேவை. ஆக்டேனை இரண்டு முறைகளில் அளக்கிறார்கள்: எஞ்சினை மிதமாக ஓட்டி அளப்பது ஆர்ஓஎன், கடுமையாக ஓட்டி அளப்பது எம்ஓஎன். பல நாடுகளில் பம்பில் எழுதப்படுவது ஆர்ஓஎன் எண். அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதப்படும் ஏகேஐ என்ற எண்ணோ ஆர்ஓஎன், எம்ஓஎன் இரண்டின் சராசரி. அங்கே 87 என்பது ஏறத்தாழ ஆர்ஓஎன் 91-க்குச் சமம் என்பது தெரியாமல், கையேட்டில் 87 என்று படித்துவிட்டு ஆர்ஓஎன் 87-ஐ நிரப்பினால் எஞ்சின் கேட்டதைவிடக் குறைவாகவே கொடுத்தவர்களாவோம்.

இப்போதெல்லாம் ட்ரெய்லரைக் கோக்கும் நாளுக்கு முந்தைய நிரப்பலில் உயர் ஆக்டேனுக்கு மாறுகிறேன். டேங்கில் மிச்சம் இருப்பதோடு கலந்து அதன் எண் நடுவில் எங்கோ நிற்கும் என்பதால், முள் அடியைத் தொடும் நேரத்தில்தான் பங்குக்குள் வண்டியைத் திருப்புகிறேன்.