பழைய ஸ்டீல் ரோடு சைக்கிளில் 11-ஸ்பீடு மாட்டக் கொடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ்தான் சார், அப்படியே உட்கார்ந்துடும்." எழுபதுகளில் செய்த சைக்கிளைப் பார்த்து ஒரு மெக்கானிக் இப்படிச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கீழே வரும் பிரெஞ்சு சட்டகத்தின் கதை அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது. பின்னால் ஐந்து பற்சக்கரம் கொண்ட 5-ஸ்பீடு, 27 அங்குலச் சக்கரம், கீறல்கூட இல்லாத ஃபிரேம். 11-ஸ்பீடு, 700சி சக்கரம், இரட்டைப் பிவட் பிரேக், நவீன ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கழுத்து) எல்லாம் மாட்டிக் கொடுப்பதாகப் பேச்சு. ரசீதில் "முழு மாற்றம்" என்று இரண்டே வார்த்தை. ஒரு அளவுகூட எழுதப்படவில்லை.

திரும்பி வந்த வண்டி பார்க்க அழகாகவே இருந்தது. ஓட்டினால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஒரு "கிரீச்". கியர் நடுவில் தானாகத் தாவியது. சொந்தக்காரர் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று பதில். வராது. அளவு பார்த்துச் செய்த ஸ்டீல் சைக்கிளில் அந்தச் சத்தத்துக்கு இடமே இல்லை. பிரித்துப் பார்த்தபோது கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக எழுதுகிறோம், உங்கள் வண்டியிலும் அதே இடங்களைத் தடவிப் பார்ப்பதற்காக.

முதலில் பின் டிராப்அவுட், அதாவது பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு. 5-ஸ்பீடு காலத்தில் இரண்டு டிராப்அவுட்டுக்கும் நடுவே 120 மி.மீ. 6, 7-ஸ்பீடில் 126. அதற்குப் பிறகு வந்த ரிம் பிரேக் ரோடு ஹப்புகள் (சக்கரத்தின் நடுப் பாகம்) 130. ஸ்டீல் என்பதால் சட்டகத்தை விரிக்கலாம், அதில் தவறில்லை. அலுமினியத்திலும் கார்பனிலும் இதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ஆனால் 120-இலிருந்து 130 என்றால் பக்கத்துக்கு 5 மி.மீ. இதை ஒவ்வொரு பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, நூல் பிடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இங்கே நடந்தது வேறு. மரையிட்ட நீளக் கம்பியை டிராப்அவுட்டுகளுக்கு நடுவே வைத்து, இரண்டு நட்டைத் திருகி வெளியே தள்ளியிருக்கிறார்கள். கம்பி இரண்டு பக்கமும் ஒரே விசையில்தான் தள்ளும். ஆனால் எந்தப் பக்கம் முதலில் இளகுகிறதோ அந்தப் பக்கம்தான் போகும். வலது செயின்ஸ்டேயில் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) பல்சக்கரத்துக்கு இடம் விட்டு நசுக்கியிருப்பார்கள், இடதில் அது இருக்காது. இரண்டும் சமமாக வளையும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. இந்தச் சட்டகத்தில் வலது 7 மி.மீ., இடது 3 மி.மீ. நகர்ந்திருந்தது. மொத்தம் 10, கணக்கு சரி. சக்கரத்தின் நடுக்கோடு மட்டும் 2 மி.மீ. வலப்பக்கம்.

இதைவிட மோசமானது, அதை மறைத்த விதம். பின் ரிம் (சக்கரத்தின் வெளி வளையம்), பின் பிரேக்கைத் தாங்கும் குறுக்குப் பாலத்துக்கு நேர் நடுவில்தான் நின்றது. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டியதும் ரிம் 4 மி.மீ. வலப்பக்கம் போய்விட்டது. அதாவது சட்டகம் கோணியது தெரிந்தேதான் ஸ்போக்கை இறுக்கித் தளர்த்தி, ரிம்மை 2 மி.மீ. இடப்பக்கம் இழுத்திருக்கிறார்கள். தெரியாமல் செய்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், இரண்டே நிமிடம். சக்கரத்தைத் திருப்பி மாட்டும்போது ரிம் அதே இடத்தில் நடுவாக நின்றால் எல்லாம் சரி. இரண்டு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் சட்டகம் கோணல். பக்கம் மாறி மாறி ஒதுங்கினால் சக்கரம் கோணல். ஒருமுறை நடுவிலும் மறுமுறை ஓரத்திலும் நின்றால் இரண்டும் கோணல், ஒன்றை வைத்து ஒன்றை மூடியிருக்கிறார்கள். உறுதிப்படுத்த நூல் போதும்: இடது டிராப்அவுட்டில் கட்டி, முன்னால் ஹெட் ட்யூபை (ஃபோர்க் நுழையும் குழாய்) சுற்றி, வலது டிராப்அவுட்டுக்கு இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். சீட் ட்யூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் வெர்னியரால் அளங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். இதில் 2-ஐத் தாண்டியது.

விரித்த பிறகு செய்ய வேண்டிய இன்னொரு வேலையை இங்கே தொடவே இல்லை. விரிக்கும்போது டிராப்அவுட்டுகளும் விசிறிபோல் திரும்பிக்கொள்ளும். அவற்றை மறுபடி இணையாக்க வேண்டும். இதற்கென்றே ஜோடியாக வரும் கருவி உண்டு: டிராப்அவுட்டில் ஒவ்வொன்றாக மாட்டினால் இரண்டின் முனைகளும் நடுவில் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இணையாக இல்லாமல் குயிக் ரிலீஸை இறுக்கினால் ஆக்ஸில் வளையும், கோன் பேரிங் ஒரு பக்கம் மட்டும் தேயும். டீரெய்லர் (சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) தொங்கும் காதும் கூடவே கோணும். கியர் தாவியது இதனால்தான். பழைய 5-ஸ்பீடு ஃப்ரீவீலில் பற்சக்கரங்களுக்கு நடுவே சுமார் 5.5 மி.மீ. இருக்கும், லீவரும் கிளிக் இல்லாத வகை. காது கொஞ்சம் கோணினாலும் கையால் சரிசெய்துகொண்டே ஓட்டலாம். 11-ஸ்பீடில் அந்த இடைவெளி சுமார் 3.7 மி.மீ.தான். இதில் கோணல் காதை வைத்துக்கொண்டு கேபிளை எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் மேல் கியர் சரியானால் கீழ் கியர் கெடும்.

அடுத்தது பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சும் பேரிங்கும் உட்காரும் இடம். சட்டகத்தில் அதற்கான குழாய்தான் ஷெல், அதன் இரண்டு பக்கமும் திருகும் பேரிங் மூடிகள்தான் கப். சத்தத்துக்குக் காரணம் இங்கேதான் இருந்தது, சட்டகத்துக்கே உலை வைத்ததும் இதுதான்.

இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான மரைக் கப்புகள் ஆங்கில வகை, பிஎஸ்ஏ என்பார்கள். விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலது கப் இடஞ்சுழி (எதிர்ச்சுற்றில் திருகினால் இறுகும் மரை). இத்தாலிய வகை 36 மி.மீ., 24 மரை, இரண்டு கப்பும் வலஞ்சுழி, ஷெல் அகலம் 70 மி.மீ. பிரெஞ்சு வகை 35 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), இரண்டும் வலஞ்சுழி, அகலம் 68. சுவிஸ் வகைக்கும் பிரெஞ்சு அளவேதான், ஆனால் வலது கப் இடஞ்சுழி. மோட்டோபெகான் சட்டகங்கள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம். ஆங்கில வகைக்கும் பிரெஞ்சு வகைக்கும் அகலம் ஒன்றாக இருப்பதால் 68 மி.மீ. ஷெல்லைப் பார்த்ததும் ஆங்கிலம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆங்கிலக் கப்பின் வெளிவிட்டம் 34.8 மி.மீ., பிரெஞ்சு ஷெல்லோ 35. இடது பக்கம் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு பிட்ச் ஒத்துவராமல் சிக்கும். வலது பக்கம் ஏறவே ஏறாது, சுழியே எதிர். நேர்மையான மெக்கானிக் அங்கேயே கையை எடுத்துவிட்டு போன் செய்வார். இவர்கள் ஆங்கில டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டு வெட்டியிருக்கிறார்கள். வலஞ்சுழி மரை மேல் இடஞ்சுழி மரை வெட்டினால் என்ன மிஞ்சும்? கப்பைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால் உள்சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஓட்டைச் சல்லடைபோல். முழு மரை எங்குமே இல்லை, முனைமுனையாகச் சிறு துண்டுகள்தான். அவற்றின் மேல் பசையை ஊற்றிக் கப்பை ஒட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் பிடிக்கும். பசை விட்டதும் கப் ஷெல்லுக்குள் நெளியும், அந்த நெளிவுதான் கிரீச்.

வெளிப்புற பேரிங் வகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஷெல்லின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். இங்கே பெயின்ட்கூட அப்படியே இருந்தது. முகம் கோணலாக இருந்தால் 24 மி.மீ. அச்சு இரண்டு பேரிங்கையும் எதிரெதிராகப் பிடித்து முறுக்கும், புது பேரிங்கும் சீக்கிரமே கரகரக்கும்.

எந்த மரை என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய கப்பின் முகத்தில் பெரும்பாலும் பொறித்திருப்பார்கள்: 35x1, 36x24, 1.37x24. பொறிப்பு அழிந்திருந்தால் வலது கப் எந்தப் பக்கம் திருகினால் கழல்கிறது என்று பாருங்கள். கடிகாரச் சுற்றில் கழன்றால் ஆங்கிலம் அல்லது சுவிஸ். எதிர்ச்சுற்றில் கழன்றால் பிரெஞ்சு அல்லது இத்தாலி. பிறகு வெர்னியரை வைத்தால் 34.8, 35, 36 என்று தெளிவாகிவிடும். பிரெஞ்சு என்று தெரிந்துவிட்டால் சட்டகத்தைத் தொடவே தேவையில்லை. ஃபில் வுட் கம்பெனி கார்ட்ரிட்ஜுக்கு (அச்சும் பேரிங்கும் ஒன்றாக மூடிய தொகுதி) ஆங்கிலம், இத்தாலி, பிரெஞ்சு, சுவிஸ் என நான்கு வகை மரையிலும் வளையம் தருகிறது. சதுர முனை அச்சு என்பதால் கிராங்கை (பெடல் மாட்டும் கை) மட்டும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலஞ்சுழி வலது கப் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலப் பார்க்கும், ஆகவே நன்றாக இறுக்க வேண்டும். அவ்வளவுதான் கஷ்டம்.

கெட்டுப்போன ஷெல்லுக்கு இரண்டு வழி. ஷெல் சுவர் தடிமன் இடம் கொடுத்தால் உள்ளே சீவி 36 மி.மீ. இத்தாலிய மரை புதிதாக வெட்டலாம். இல்லையென்றால் மரையே தேவைப்படாமல் இரண்டு பக்கமிருந்தும் இறுக்கிப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் போடலாம். இரண்டாவதைத்தான் முதலில் முயல வேண்டும் என்போம், சட்டகத்தில் மேற்கொண்டு உலோகம் போகாது.

பிரேக்கில் செய்தது சத்தம் போடாது, அதனால்தான் பயமாக இருக்கிறது. பழைய பிரேக்கின் போல்ட் ஃபோர்க் கிரவுனை (ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் இடம்) ஊடுருவிப் பின்னால் சாதாரண நட்டில் முடியும். துளை முழுக்க 6 மி.மீ.தான். நவீன பிரேக்கின் நட் நீளக் குழாய்போல் உள்ளே போய் உட்காரும், அதற்குப் பின்பக்கம் 8 மி.மீ. வேண்டும். பின்சுவரை மட்டும் 8-ஆக்க வேண்டும், முன்சுவர் 6-ஆகவே இருக்க வேண்டும். இவர்கள் ஒரே இழுப்பில் இரண்டையும் துளைத்துவிட்டார்கள். 6 மி.மீ. போல்ட் 8 மி.மீ. துளையில் நிற்கிறது. பிரேக் பிடித்தால் காலிபர் (பிரேக் கைகளின் தொகுதி) முழுதும் முன்னுக்குத் தலையாட்டுகிறது. அந்தத் துளை ஸ்டியரர் குழாயின் (ஃபோர்க்கிலிருந்து மேலே ஹெட் ட்யூபுக்குள் போகும் குழாய்) அடிப்பகுதியையும் கடந்து போவது. அங்கே தேவையில்லாமல் உலோகத்தை எடுப்பது முன்சக்கரத்தின் பிடியை எடுப்பதற்குச் சமம்.

கூடவே ரீச், அதாவது பிரேக் துளையிலிருந்து ரிம்வரை கட்டை எட்ட வேண்டிய தூரம். 27 அங்குல ரிம்மின் விட்டம் 630 மி.மீ., 700சி 622. ஆரத்தில் 4 மி.மீ. குறையும், பிரேக் கட்டை அந்த அளவு கூடுதலாகக் கீழே எட்ட வேண்டும். புதுச் சக்கரத்தை மாட்டி, துளை நடுவிலிருந்து ரிம்மின் பிரேக் பட்டை நடுவரை அளந்துவிட்டுத்தான் காலிபர் வாங்க வேண்டும். சாதாரண ரோடு காலிபர் 39-49 மி.மீ., அடுத்தது 47-57, அதற்கும் மேல் 55-73. இந்த வண்டிக்குத் தேவைப்பட்டது நடு வகை, போட்டிருந்தது குட்டை வகை. கட்டை எட்டாததால் காலிபர் கையின் துளைப் பள்ளத்தை அரத்தால் ராவி நீட்டியிருந்தார்கள். அப்படியும் கட்டையின் மேல் விளிம்பு டயரை உரசிக்கொண்டிருந்தது. ராவிய காலிபரைத் திரும்ப உபயோகிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஸ்டெம் பற்றிச் சுருக்கமாக. பழைய ஸ்டியரருக்குள் இறங்கும் ஸ்டெம் 22.2 மி.மீ., பிரெஞ்சில் 22.0. நவீன ஸ்டெம் மாட்ட உதவும் அடாப்டரும் 22.2-தான். 0.2 மி.மீ. வித்தியாசம் என்று சுத்தியலால் தட்டி இறக்கியிருக்கிறார்கள். எமரித் தாளால் அடாப்டரைத் தேய்த்துக் குறைத்திருந்தால் கையாலேயே இறங்கியிருக்கும். அது போதாதென்று, உள்ளே விரியும் ஆப்பு ஸ்டியரரில் மரை வெட்டிய பகுதியிலேயே நின்றிருந்தது. குழாய் அங்கேதான் மெலிதாக இருக்கும். ஆப்பு மரைப் பகுதியைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும், ஸ்டெம்மில் பொறித்த குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக் கூடாது. ஹெட்செட்டின் (ஸ்டியரர் சுழல உதவும் பேரிங் தொகுதி) மேல் நட் ஒரு இடத்தில் மட்டும் இறுகித் திரும்பினால் ஸ்டியரர் உப்பிவிட்டது என்று அர்த்தம். அந்த ஃபோர்க்கில் அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

முன் டீரெய்லர் கிளாம்ப் பெரிய விஷயமில்லை: பிரெஞ்சுக் குழாய் 28.0, கிளாம்ப் 28.6, நடுவே 0.3 மி.மீ. தகட்டைச் சுற்றினால் போதும். ஹேண்டில்பாரில் மட்டும் தகடு வேலை வேண்டாம். 25.4 பாரை 26.0 கிளாம்ப்பில் குளிர்பான டின்னை வெட்டிச் சொருகி இறுக்குவது பரவலாக நடக்கிறது. மேட்டில் எழுந்து நின்று இழுக்கும்போது பார் சட்டென்று சுழலும்.

வண்டியைக் கொடுக்கும் முன் ஆறு அளவுகளை நீங்களே எடுத்து, வெர்னியர் தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள்: டிராப்அவுட் இடைவெளி, ஷெல் அகலமும் கப் பொறிப்பும், ஸ்டியரர் உள்விட்டம், சீட் போஸ்ட் விட்டம், பிரேக் துளை, பிரேக் ரீச். அதே எண்களை வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கீழே ஒரு வரி: "துளைத்தல், ராவுதல், மரை வெட்டுதல், வளைத்தல் எதுவும் உரிமையாளரிடம் கேட்காமல் செய்யப்படாது. கழற்றிய பழைய பாகங்கள் திரும்பத் தரப்படும்." இதை எழுத மறுக்கும் பட்டறைக்கு வண்டியைக் காட்டவே வேண்டாம். பழைய பாகங்கள் உங்களுக்கு வேண்டாதவையாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். இந்த வழக்கில் சொந்தக்காரருக்குப் பாதிப் பணமாவது திரும்பி வந்ததற்கு ஒரே காரணம், 35x1 என்று பொறித்த பழைய கப் திரும்ப வாங்கிய பாகங்களின் பெட்டியில் கிடந்ததுதான். "நாங்க வாங்கும்போதே மரை போயிருந்தது" என்று பட்டறைக்காரர்கள் சொன்னபோது அந்தக் கப்பின் மரை ஒரு பல்கூடச் சிதையாமல் இருந்தது.

பணம் கொடுக்கும் முன்பு கடை வாசலிலேயே சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, காலிபர் அடியில் விரலை வையுங்கள்; கிரவுனுக்கும் காலிபருக்கும் நடுவே அசைவு தெரிந்தால் எடுத்து வராதீர்கள். கிரவுன் முழுக்க 8 மி.மீ. துளைத்துவிட்டிருந்தால் புஷ் போட்டு அடைத்துத் தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம், ஃபோர்க்கையே மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்று ஃபோர்க் வாங்கும்போது ஸ்டியரர் நீளம், மரை வகை, கிரவுன் ரேஸ் இருக்கை (ஹெட்செட்டின் கீழ் வளையம் உட்காரும் இடம்; 26.4, 26.5, 27.0 என்று மாறும்) மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பிரெஞ்சு ஸ்டியரர் 25 மி.மீ., 1 மி.மீ. பிட்ச், மற்றவை பெரும்பாலும் 25.4 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. ஆகவே மற்ற வகை ஃபோர்க் வந்தால் ஹெட்செட்டும் சேர்ந்து மாறும். அந்தச் செலவும் அவர்கள் கணக்கில்தான் சேர வேண்டும்.